ட்ரம்ஸில் அடித்த சாப்பறை

நாங்கள் வாசிப்பது சிம்பொனிக் டூம் என்கிற மெட்டல் இசை. கேட்ட பிறகு கலியாண வீட்டுக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். கிற்றார் சேற்றில் நடக்கிற எருமை மாதிரி மெல்ல வரும். அதற்கு மேலே வயலின் அழும். வயலின் தனுஷியா, கிற்றார் உதயரூபன், ட்ரம்ஸ் நான். அடுத்த கிழமை கொழும்பில் எங்கள் முதல் மேடை. வாவிக்கரையில் மூடிக்கிடந்த ஐஸ் கொம்பனிக்குள் பழகிக்கொண்டிருந்தோம்.

"மச்சான், உங்கட அப்பா சாவீட்டில அடிக்கிற அடியப் போடு," என்றான் உதயரூபன்.

"கண்ணகை அம்மன்ட சடங்குக்குத் திருக்கதவு திறந்து கிடக்கு. அது பூட்டுறவரைக்கும் ஊருக்குள்ள சாப்பறை கேக்கப்படாதுடா."

"இது ட்ரம்ஸ்தானே. ஆருக்கு விளங்கும்?"

அவன் அந்தக் கோயிலை நடத்துகிற வண்ணக்கரின் மகன். அவனே சொல்லும்போது எனக்கென்ன என்று அடித்தேன். அடிக்கு மேல் வயலின் ஏறியதும் உடம்பு சிலிர்த்தது. அப்படியொரு பாட்டு அதுவரை எங்களுக்கு அமையவில்லை.

ஊருக்கு விளங்கிவிட்டது. சடங்கில் தீட்டு விழுந்ததென்று ஆட்கள் கம்புகளோடு பாய்ந்து வந்தார்கள். முன்னால் வண்ணக்கர் கந்தப்போடி.

"ஆருடா அடிக்கச் சொன்ன?"

நான் உதயரூபனைப் பார்த்தேன். அவன் கிற்றாரைப் பார்த்தான். படுபாவி.

அதற்குமேல் கேள்வி இல்லை. பறையடிக்கிறவன் மகன் வேறென்ன செய்வான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். தலையிலும் முதுகிலும் விழுந்தது. தடுக்க வந்த தனுஷியாவின் வயலினை ஒருத்தன் மிதித்து நொறுக்கினான். என் வலக்கையைச் சீமெந்துப் படியில் நீட்டிப் பிடித்தார்கள். கந்தப்போடி தோணிக் கம்பை ஓங்கினார். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கொழும்பு மேடை போனது. இனி ட்ரம்ஸ் அடிப்பது கஷ்டம் என்றார் டொக்டர்.

திருக்கதவு பூட்டிய பிறகு கந்தப்போடியின் அண்ணன் செத்துப்போனார். பறைக்குச் சொல்லக் கந்தப்போடியே எங்கள் முற்றத்துக்கு வந்தார். அப்பா காய்ச்சலில் கிடந்தார்.

"கொப்பனுக்கு ஏலாட்டி நீ வா."

கட்டுப் போட்ட கையைக் காட்டினேன்.

"மற்றக் கை இருக்குத்தானே," என்றார்.

இருந்தது. அந்தக் கையால் அவர் வாயில் குத்தினேன். விழுந்தவரின் நெஞ்சில் ஏறியிருந்து மறுபடியும் குத்தினேன். விரலெல்லாம் ரத்தம். அப்பா உள்ளேயிருந்து கத்தினார். சத்தியமாக எனக்கு ஆசை தீரவில்லை.

பிரேதம் பறையில்லாமல் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. எங்கள் படலையடியில் உதயரூபன் நின்றான். "நான்தான் அடிக்கச் சொன்னனான்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான்.

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடையோடு நடந்துகொண்டே இருந்தார்கள்.