ஆறு விநாடி ஒப்புதல்

"மிக நேர்த்தியான மாற்றம். தேவையற்ற நான்கு வரிகள் நீக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஒப்புதல் அளிக்கிறேன்."

தன் பெயருக்குக் கீழே இருந்த இந்தப் பாராட்டுரையைக் கல்வெட்டு மூன்றாவது முறையாக வாசித்தார். 'வரவேற்கத்தக்கது' என்ற சொல்லை அவர் வாழ்நாளில் எங்கும் எழுதியதில்லை, விடுப்புக் கடிதத்தில்கூட. நீக்கப்பட்ட நான்கு வரிகளும் அவர் எழுதியவை. நீக்கியது கருவி, நிரலைத் தானே எழுதித் திருத்தும் செயற்கை நுண்ணறிவு. நீக்கியதைப் பாராட்டியதும் கருவி. இவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பச்சைப் பொத்தானை அழுத்தியது. திறந்ததற்கும் அழுத்தியதற்கும் இடையே ஆறு விநாடி என்று பதிவேடு சொன்னது. தும்மி மூக்கைத் துடைத்தால்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

கல்வெட்டு என்பது அலுவலகம் வைத்த பெயர். நாற்பத்தெட்டு வயதுக்கு அப்படியொன்றும் பொருந்தாத பெயரில்லை. நிரலில் ஓர் இடம் கோணலாக இருந்தால், ஏன் கோணல், யார் கேட்டார்கள், தொட்டால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே அரைப் பக்கம் குறிப்பு எழுதி வைப்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதைப் படித்துச் சிரித்துவிட்டு, பிறகு அதைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். அப்போது அந்தத் தளத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். இப்போது மூன்று பேர். மீதி எட்டு நாற்காலிகளையும் யாரும் எடுத்துப்போகவில்லை. ஆளில்லாத நாற்காலிகள் மேசைகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு பணிவாக நிற்கின்றன.

அவர்கள் செய்வது மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்துக்கான மென்பொருள். இரத்தத்தில் ஏதாவது அளவு ஆபத்தாக ஏறினால் உடனே மருத்துவரின் கைப்பேசியில் அலற வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. ஒன்பது வருடத்துக்கு முன் கல்வெட்டு ஒருநாள் முழுக்க அந்தக் கூடத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்த பரிசோதனைக்காரம்மா, கையுறையைக் கழற்றாமலே ஒரு சீட்டைக் காட்டினார்.

"இதப் பாருங்க சார். இரத்தத்துல பொட்டாசியம் பத்து வரைக்கும்தான் இந்த மெஷினுக்கு எண்ணத் தெரியும். அதுக்கு மேல போச்சுன்னா முன்னாடி ஒரு அம்புக்குறி போட்டு 'பத்துக்கு மேல'ன்னு மட்டும் சொல்லும். அந்தக் குறி வந்தா எண்ணை விட மோசம்."

எண்ணோடு குறி சேர்ந்தால் கணினிக்கு அது எண் இல்லை, எழுத்து. எழுத்தை ஒப்பிட முடியாது என்று தூக்கி ஓரமாக வைத்துவிடும். கட்டம் காலியாக இருக்கும். ஆக, கொஞ்சம் ஆபத்து என்றால் அலறும், உயிர் போகிற ஆபத்து என்றால் வாயை மூடிக்கொள்ளும். அன்று மாலையே திரும்பி வந்து, குறி வந்தால் உடனே அலறச் சொல்லும் அந்த நான்கு வரிகளை எழுதினார். பக்கத்தில் பதினெட்டு வரி கல்வெட்டு.

போன வருடம் 'தூய்மை வாரம்' வந்தது. பழைய குறிப்புகள் கருவியைக் குழப்புகின்றன என்று எல்லாவற்றையும் கருவியே துடைத்தது. நாலாயிரம் குறிப்புகள், ஒரு மதியம். இவரும் ஒப்புதல் அளித்தார். காவலுக்கு இருந்த பதினெட்டு வரி போன பிறகு, அந்த நான்கு வரிகள் எதற்கென்றே தெரியாமல் நடுவழியில் நின்றன. போன மாதம் கருவி அவற்றையும் கூட்டிப் பெருக்கியது. அவை இல்லாமலும் எல்லாம் சரியாக ஓடுகிறது என்று சோதித்துக் காட்டியது. சோதனையையும் அதுவேதான் எழுதியது. தானே வினாத்தாள் எடுத்துத் தானே நூற்றுக்கு நூறு வாங்கியது.

போன செவ்வாய்க்கிழமை காலை, காலில் வலுவில்லை என்று ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் மருத்துவமனைக்கு நடந்து வந்தார். வயது ஐம்பத்தொன்று. பத்து மணி பத்து நிமிடத்துக்கு இரத்தம் எடுத்தார்கள். பத்து ஐம்பதுக்கு இயந்திரம் அம்புக்குறியோடு பதில் சொல்லிவிட்டது. மருத்துவரின் திரையில் கட்டம் காலி. முடிவு இன்னும் வரவில்லை என்று அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். பன்னிரண்டு நாற்பதுக்கு ஓட்டுநரின் இதயம் நின்றது.

பொய் சொல்லக் கூடாது. கருவி வந்ததில் கல்வெட்டுக்கு நன்மை இருந்தது. ஒரு மாத வேலையை ஒரு மதியத்தில் முடித்தது. மணிக்கட்டு வலி போனது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போனார். "ஏங்க, உங்களை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று மனைவி முதல் நாள் பயந்தே போனாள். மணிக்கணக்காக ஒரு பிழையைத் தேடி, கண்டுபிடித்ததும் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றுவாரே, அது மட்டும் இல்லை. அதற்குப் பதில் பச்சைப் பொத்தான். ஒரு நாளைக்கு நூற்றைம்பது முறை.

இன்று காலை அதே மனைவி கேட்டாள். "அதை நீங்க எழுதலையே. அப்புறம் எதுக்கு நாலு நாளா பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் எழுதலங்கிறதுதான்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. சொன்னவருக்கும் முழுசாகப் புரிந்ததென்று சொல்ல முடியாது.

பதினொரு மணிக்குத் தொலைநோக்கு கூப்பிட்டார். துறைத் தலைவருக்கு அந்தப் பெயர் வரக் காரணம், அவர் எந்தக் கூட்டத்தையும் அந்தச் சொல் இல்லாமல் முடித்ததில்லை. பத்து வருடம் தள்ளி வரப்போவது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். காலடியில் கிடக்கும் ஒயர்தான் தெரியாது. "நாம இனிமே கொத்தனார் இல்ல, கட்டடக் கலைஞர்" என்று கருவி வந்த அன்று சொற்பொழிவாற்றியவர். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு கட்டுகிற கலைஞனுக்கு, ஒவ்வொரு வீட்டிலும் கதவு இருக்கிறதா என்று பார்க்கவே நேரம் போதாது என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கல்வெட்டும் தட்டினார்.

கண்ணாடி அறையில் மேசைமேல் மருத்துவமனைக்குப் போகவேண்டிய அறிக்கை இருந்தது.

"கருவியே எழுதிடுச்சு சார். அருமையா வந்திருக்கு. நாலு மணிக்குள்ள நீங்க ஒப்புதல் குடுத்தா அனுப்பிடலாம்."

கல்வெட்டு வாசித்தார். "சம்பவம்னு போட்டிருக்கு?"

"மரணம்னு போட்டா ஒரு மாதிரி இருக்கு."

"செத்துட்டாரே சார்."

"அது அவங்க ரிப்போர்ட்ல வரும். நமக்குச் சம்பவம் போதும்."

இரண்டாம் பக்கத்தில் அந்த வாக்கியம் இருந்தது. 'மூத்த பொறியாளர் இம்மாற்றத்தை இருமுறை கவனமாக வாசித்தும், மனித இயல்பான கவனப் பிசகால் தவறவிட்டார்.'

"நான் வாசிக்கல."

தொலைநோக்கு எழுந்து கதவைச் சாத்தினார். "மெதுவா சார். படிச்சேன், கண்ணுல படல — இது மனுஷத் தவறு. ஒரு வாரம் பயிற்சி வகுப்பு, முடிஞ்சுது. படிக்கவே இல்லன்னா அது கம்பெனித் தவறு. ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு மனுஷன் படிப்பார்னு ஒப்பந்தத்துல முதல் பக்கத்துலயே குடுத்திருக்கோம். கருவி எல்லார்கிட்டயும் இருக்கு. மனுஷன்தான் சார் நம்ம சரக்கு."

"பயிற்சி எதுல?"

"கவனமா வாசிக்கிறதுல. நல்ல வகுப்பு. கருவியே நடத்துது."

அவர் முகத்தில் கேலி இல்லை.

"ஆறு விநாடின்னு பதிவேடு சொல்லுதே."

"அதை யார் கேட்டா?"

மதியம் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் புயல் வந்து நின்றாள். வேகத்துக்காக அந்தப் பெயர் வாங்கிய அடுத்த மேசைக்காரி. ஒரு நாளைக்கு நூற்றெண்பது ஒப்புதல். அந்தத் தளத்தில் அதுதான் சாதனை, வரவேற்பறைத் திரையில் அவள் படம் வரும். இரண்டு பிள்ளைகள், வேலை போய் வீட்டில் இருக்கும் கணவன். பழைய பதினொரு பேரில் அவனும் ஒருவன்.

"அண்ணா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நீங்க படிக்கலன்னு எழுதப் போறீங்களாமே."

"யார் சொன்னா?"

"கண்ணாடி ரூம்தானே, காதே வேண்டாம்." அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க உண்மையா எழுதுங்க, வேணாங்கல. ஆனா உங்க பதிவேட்டைத் தோண்டினா அடுத்து என்னுதுதான். எனக்கு ஆறு விநாடிகூட இல்ல அண்ணா. மூணு."

அவர் தன் கோப்பையை இயந்திரத்தின்மேல் வைத்தார்.

"ஆரம்பத்துல படிச்சேன், சத்தியமா. ஒவ்வொண்ணா. ஒரு நாளைக்கு முப்பதுதான் முடிக்க முடிஞ்சுது. தலைவர் கூப்பிட்டு, உனக்கு ஏதாவது பிரச்சினையாம்மான்னு அக்கறையா விசாரிச்சாரு. அதுக்கப்புறம் படிக்கல." சிரிக்கப் பார்த்தாள். "என்னை இழுத்துடாதீங்க."

மூன்றரைக்குக் கல்வெட்டு இருக்கைக்கு வந்தார். அறிக்கையைத் திறந்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். ஒவ்வொரு வரியிலும் நின்று, இது உண்மையா, இதை எடுத்தால் எது விழும் என்று பார்த்து வாசித்தார். நாற்பது வரிக்கு இருபது நிமிடம் ஆனது. இத்தனை நாளில் இந்த ஒன்றைத்தான் வாசித்திருக்கிறோம் என்று தோன்றியது. அந்த நான்கு வரிகளை வாசிக்க இருபது விநாடி போதும். அவை அவர் கையெழுத்து மாதிரி. பார்த்த மாத்திரத்தில் முக்காலியும் கையுறையும் ஞாபகம் வந்திருக்கும். ஓட்டுநர் இந்நேரம் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்தி, பிள்ளைகள் வரக் காத்திருந்திருப்பார்.

'இருமுறை கவனமாக வாசித்தும்' என்ற இடத்தை அழித்தார். 'நான் வாசிக்கவில்லை' என்று விரலால் தட்டினார். மணிக்கட்டில் பழைய வலி மெல்ல எட்டிப் பார்த்தது. அவர் முற்றுப்புள்ளி வைத்ததுமே அதை அடுத்துச் சாம்பல் நிற எழுத்துகள் தானாக முளைத்தன. 'எனினும், எங்கள் குழுவினர் ஒவ்வொரு மாற்றத்தையும் முழுமையாக வாசிப்பதை உறுதி செய்கிறோம்.' வேண்டும் என்றால் ஒரு விசை. அழுத்தினால் சாம்பல் கறுப்பாகிவிடும். அவர் ஒருவரோடு முடிந்துவிடும். புயலின் படம் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். நாளையும் எங்கோ ஒரு கட்டம் காலியாக இருக்கும்.

அழுத்தாமல், 'இங்கே யாரும் வாசிப்பதில்லை' என்று முடிக்க நினைத்து 'இங்கே' என்று தட்டினார். சாம்பல் எழுத்துகள் விலகி, வேறு வாக்கியமாக மறுபடி வந்து நின்றன. 'யாரும்' என்று தட்டினார். அப்போதும் அவை போகவில்லை. பொறுமையாக, மரியாதையாக, அடுத்த சொல்லை நீட்டிக்கொண்டிருந்தன.

மூன்று ஐம்பத்தாறு. கண்ணாடிக்கு அப்பால் தொலைநோக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து மேசையில் புயலின் சுட்டி மூன்று விநாடிக்கு ஒருமுறை 'டிக்' என்றது. டிக். டிக். அதற்கிடையில் அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது.

பிறகு அந்தச் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. 'யாரும்' என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் சாம்பல் எழுத்துகள் காத்திருந்தன. இந்தப் பக்கம் அவருடைய விரல், விசையின்மேல் படாமல், ஒரு நூல் உயரத்தில் நின்றிருந்தது.