ஓமனா வீட்டுத் தாழ்ந்த சோபா

நெய்யாற்றின்கரையில் ஓமனா வாங்கிய அஞ்சாம் மாடி பிளாட்டை அழகுபடுத்தித் தருகிறேன் என்று சோனா ஏற்றுக்கொண்டாள். குன்னத்துகால்காரியான அவள் படிப்பை முடித்துத் தனியாக எடுத்த முதல் வேலை அது. ஓமனா குவைத்தில் நர்ஸாக இருந்தவர். கணவர் போனபின் ஆரியங்கோட்டு வீட்டை விற்றுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று இங்கே வந்துவிட்டார்.

பாணியைச் சொன்னது ஓமனாதான். குவைத்தில் ஒரு டாக்டர் வீட்டில் பார்த்தாராம்: சோபாவுக்கும் மேசைக்கும் சாய்ந்த ஒல்லிக் கால்கள், தேக்கு நிறம், பூவேலை ஒன்றுமில்லாத நேர்கோடு. அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தின வெளிநாட்டு மோஸ்தர். மிட்செஞ்சுரி மாடர்ன் என்று சோனா பெயர் சொன்னாள்.

"பேரு என்னவும் ஆவட்டும் மக்கா. எனக்கு அதாக்கும் வேணும்."

இருவரும் சேர்ந்தே எல்லாம் முடிவு செய்தார்கள். கடுகு நிறத் துணி ஓமனாவின் தேர்வு, கதிர் விரித்த சுவர்க்கடிகாரம் சோனாவுடையது. பைபிள் வசனக் காலண்டர் மட்டும் முன்னறையில் வேண்டாமே என்று சோனா கெஞ்சினாள். "கர்த்தரு அடுக்களையில இரிப்பாரு, அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று ஓமனா விட்டுக்கொடுத்தார்.

சோபா விஷயத்தில்தான் சோனா ஒற்றைக் காலில் நின்றாள். தரையை ஒட்டித் தாழ்ந்து இருக்கவேண்டும், உயர்த்தினால் அழகு கெட்டுவிடும். ஓமனா தன் முழங்கால் முட்டைத் தடவிக்கொண்டே சம்மதித்தார். அளவு பார்க்க உட்கார்ந்து எழுந்தவளும் சோனாதான். அந்த இளவயசு முட்டு எந்தச் சோபாவைக் குறை சொல்லும்?

ஓமனாவின் கவலை சோபாவைப் பற்றியதல்ல. இங்கே சபை புதுசு, பழக்கமான முகம் ஒன்றுகூட இல்லை. மாதம் ஒரு வீட்டில் நடக்கும் ஜெபக்கூட்டத்தை இந்த முறை தன் வீட்டில் வைக்கக் கேட்டிருந்தார்.

"ஆளு வருவினுமா மக்கா? வந்தாலும் ஆமென் சொன்ன உடனே செருப்பைத் தேடுவினும். ஒத்தத் தட்டைக் கழுவி வைக்கும்பம் இந்த வீட்டுல சத்தமே இல்ல பாத்துக்க."

கூட்டத்தன்று டீ எடுத்துக்கொடுக்கச் சோனாவே போய் நின்றாள்.

பெண்கள் வந்தார்கள். சோபா கொள்ளுமட்டும் நெருக்கி உட்கார்ந்தார்கள். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் சோபாவில் இருந்த மினி டீச்சர் எழப் பார்த்தார். முடியவில்லை. ஆடி அசைந்து இன்னொருமுறை முயன்றார். பக்கத்தில் இருந்த ஜிஜி கைகொடுக்கப் போய், இரண்டுபேருமாகத் திரும்பச் சோபாவுக்குள் விழுந்தார்கள்.

"எம்மோ! இதுல இரிக்கத்தான் பற்றும், எழும்பப் பற்றாது!" என்று ஜிஜி கூவினார்.

சோனாவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் மினி டீச்சரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எழமுடியாதவர்களுக்கு மறுபடி டீ வந்தது, வடை வந்தது. பேச்சு முட்டுவலியில் ஆரம்பித்து, எண்ணெய்க்கும் டாக்டருக்கும் போய், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் வந்து நின்றது. அதற்குமேல் ஒரு பாட்டும் பாடினார்கள். வெளியே இருட்டத் தொடங்கியபோது ஓமனா ஒவ்வொருவராக அக்குளில் கைகொடுத்து, நோயாளியைத் தூக்கும் பழைய லாகவத்தோடு எழுப்பிவிட்டார்.

கடைசி ஆளும் லிப்டில் இறங்கியதும் சோனா அளவுநாடாவோடு தரையில் குந்தினாள்.

"தப்பு என்னுதாக்கும் ஆன்ட்டி. நாளைக்கே ஆசாரியை விளிச்சு சோபாக் காலை ஏத்திரலாம்."

"தொட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்" என்றார் ஓமனா. "எழும்ப முடியாததுனாலதானே ஒருத்தியும் போவல்ல! மினி டீச்சருக்கு இதுவரைக்கும் எம்பேரு தெரியாது. இப்பம் எம்மவன் என்னைய போன்ல விளிக்காததுவரைக்கும் தெரியும். அடுத்த மாசமும் இங்கதான்னு சொல்லிட்டுப் போயிருக்கினும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சோனா பையை எடுக்கப்போனாள். ஓமனா அவள் தோளைப் பிடித்து அமுக்கிச் சோபாவில் உட்காரவைத்தார்.

"நீயும் கொஞ்சம் இரி மக்கா."