சோண்டம்மா தேய்த்த கற்கள்

விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைத் துடைக்காமல் சோண்டம்மாவால் இருக்க முடியாது. இந்த முறை விருந்தாளி வருவது ஓடைக்கு. அதனால் ஓடையையே துடைத்துவிட்டாள். முந்தின நாள் முழுக்கத் தேங்காய் நாரும் சாம்பலுமாக உட்கார்ந்து, துறையிலிருந்த கல் ஒன்றுவிடாமல் தேய்த்தெடுத்தாள். பட்டணத்து மேடம் வழுக்கி விழுந்து வைத்தால் யாருக்குக் கேவலம்?

தண்ணீரைச் சோதிக்கக் காலையில் வந்த சுமேதா மேடம் பையிலிருந்து ஒரு டூத்பிரஷை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு கல்லைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார். முகம் சுண்டிப்போயிற்று.

"பாசி எங்கேம்மா?"

"பளிங்கு மாதிரி தேய்ச்சு வச்சிருக்கேன் மேடம்! பயப்படாம கால் வைங்க."

"ஐயோ, அதைப் பார்க்கத்தானே வந்தேன்!"

மேலே நாணய்யாவின் தோட்டத்தில் காபிப் பழம் தோலுரிக்கும் மெஷின் ஓடினால், கழிவெல்லாம் ஓடைக்குத்தான். சோண்டம்மா வீட்டில் எல்லோரும் சொறிந்துகொண்டே சாப்பிடுகிறார்கள். மூன்று வருஷமாக மனு. தண்ணீர் பிடித்துப் போக அதிகாரி பாட்டிலோடு கிளம்பும் முன்பே நாணய்யாவுக்குச் சேதி போய்விடும். இரண்டு நாள் மெஷினை நிறுத்துவான், தண்ணீர் தெளிந்துவிடும், சோண்டம்மா பொய்க்காரி ஆவாள். கல்லில் ஒட்டியிருக்கும் டயட்டம் என்ற நுண்பாசி அப்படி ஏமாறாதாம். நல்ல தண்ணீரில் ஒரு வகை, சாக்கடையில் வேறு வகை. இரண்டு நாள் தெளிவுக்கெல்லாம் அது இடத்தைக் காலி செய்யாது.

"அந்தச் சாட்சியைத்தான் சாம்பல் போட்டுத் தேய்ச்சிட்டீங்க. மறுபடி படிய ஒரு மாசமாகும்" என்றார் மேடம்.

இந்த வாரத்தோடு காபி சீசன் முடிகிறது; அப்புறம் படிவது நல்ல தண்ணீர்ப் பாசிதான். சோண்டம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

சேதி கேட்டு நாணய்யா சிரித்துக்கொண்டே இறங்கி வந்தான். "என்னக்கா, வீட்டுல பாத்திரம் பத்தலையா, ஓடைக்கல்லைக் கழுவுறே?"

"சிரி தம்பி, சிரி. உன் மெஷின் பல்லு கொட்டிப்போக!"

மேடம் மனசு கேட்காமல் ஓடையில் நாலு எட்டு மேலே நடந்தார். நாணய்யா கையை நீட்டித் தடுத்தான். "அதுக்கு மேல என் இடம் மேடம். தண்ணிக்குள்ள எல்லைக்கல் நிக்குது பாருங்க."

மேடம் பார்த்தார். கழிவுக் குழாய்க்கு நாலடி கீழே இடுப்பளவுக் கருங்கல். தண்ணீர் படும் இடமெல்லாம் கொழகொழவென்று பழுப்பு.

"இதை யாராவது நகர்த்தினாங்களா? தேய்ச்சாங்களா?"

நாணய்யாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கப்பா நட்டது மேடம்! முப்பது வருஷமா அசையல. என் கல்லுமேல கை வைக்க எவனுக்குத் தைரியம்? இந்தக்கா பிடுங்கச் சொல்லிக் கேஸ் போட்டுச்சு. கோர்ட்ல ஜெயிச்சேன்!"

"எழுதித் தருவீங்களா?"

"முத்திரைத்தாள்லயே தர்றேன்!"

மேடம் நீட்டிய நோட்டில் தேதி, முழுப்பெயர் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டான். அதன் பிறகுதான் மேடம் குனிந்து அந்தக் கல்லைப் பிரஷால் தேய்க்கத் தொடங்கினார். பழுப்புக் குழம்பு தட்டில் வழிந்தது. நாணய்யாவின் சிரிப்பு மெதுவாக அடங்கியது.

சோண்டம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, அந்தக் கேஸ்ல நான் தோத்ததுக்கு நம்ம இக்குத்தப்ப சாமிக்கு ஒரு தேங்காய் உடைக்கணும்டா."