ஐந்தாவது ஆள்

கௌசிக்கு ஓரிடத்தில் நிற்க வராது. பஸ் வர ஐந்து நிமிடம் ஆகும் என்றால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுவாள். வகுப்பில் மேசைக்கடியில் அவளுடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஸ்காபரோவில் அவள் படித்த கல்லூரி பெண்களுக்கென்று முதன்முதலாக பிளாக் புட்போல் என்ற கொடிப் பந்தாட்ட அணி தொடங்கியபோது, முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான்.

"காலால அடிக்காத புட்போல் என்ன புட்போல்?" என்று விட்பி ஊரிலிருந்த வீட்டில் அம்மா ஜெயமலர் கேட்டாள்.

"கையால எறியிறது அம்மா. இடுப்பில கொடி தொங்கும். பந்தோட ஓடுறவளின்ர கொடியை இழுத்தா சரி, அவள் நிக்கவேணும்."

ஐந்து கல்லூரிகள்தான் சேர்ந்திருந்தன. நடுவர்களே சட்டங்களை போனில் பார்த்துப் பார்த்து விசில் ஊதினார்கள். ஒவ்வொரு அணிக்கும் நாலே நாலு ஆட்டம். கடைசியாக வரும் அணியைத் தவிர மற்ற நாலும் இறுதிச் சுற்றுக்குப் போகலாம்.

கௌசி கப்டன். பந்தை எறிபவளும் அவளே. முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றார்கள்.

"பொறு பிள்ளை. ஆக்கள் ஓடி முடிக்க முந்தி நீ எறிஞ்சா ஆர் பிடிக்கிறது?" என்று பயிற்சியாளர் கிளிபோட் அண்ணை தொண்டை வறளக் கத்தினார். பொறுக்கத்தான் அவளுக்கு முடியவில்லை.

ஒக்டோபர் கடைசிச் சனிக்கிழமை நாலாவது ஆட்டம். வடக்கேயிருந்து வந்த எதிரணியும் மூன்றிலும் தோற்றிருந்தது. வென்றவர் இறுதிச் சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. ஆனால் எதிரணியின் இரண்டு கார்களில் ஒன்றுதான் வந்து சேர்ந்தது. மற்றது நெடுஞ்சாலை விபத்து நெரிசலில் சிக்கிக்கொண்டது. மைதானத்தில் நின்றவர்கள் நாலு பேர். ஆட ஐந்து பேர் வேண்டும்.

கால்மணி நேரம் பார்த்தார்கள். குளிர்காற்று அடித்தது. கௌசி மைதானக் கோட்டோரமாக மேலும் கீழும் நடந்தாள். நடுவர் அவளிடம் வந்து, வெற்றியை எடுத்துக்கொள்ளலாம், அல்லது இரு கப்டன்மாரும் சம்மதித்தால் ஒரு ஆளைக் கடன் கொடுத்து ஆடலாம் என்றார்.

கிளிபோட் அண்ணை கையை விரித்தார். "நீதான் கப்டன். நீ சொல்லு."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே, "விளையாடுவம்" என்றாள் கௌசி. திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள். "முர்ஷிதா, அந்தப் பக்கம் போறியா?"

முர்ஷிதா எழுந்தேவிட்டாள். "மூண்டு மெட்ச்சும் பெஞ்சிலதான் இருந்தன். எந்தப் பக்கமெண்டாலும் வாறன்."

கடைசி நிமிடத்தில் 13க்கு 12 என்று கௌசியின் அணி ஒரு புள்ளி பின்னால் நின்றது. புள்ளி விழும் கோட்டுக்கு இன்னும் பத்து யார் தூரம். ஒரே ஒரு எறி. அவளுடைய அணியின் சிவானி வலது மூலையை நோக்கி ஓடத் தொடங்கினாள். அவளை மறிக்க யாருமில்லை. இன்னும் இரண்டு எட்டு அவள் வைத்திருந்தால் போதும். கௌசி அதற்குள் நடுவில் எறிந்தாள். முர்ஷிதா எம்பிப் பந்தைத் தட்டிவிட்டாள்.

வடக்கு அணியினர் முர்ஷிதாவைத் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். சிவானி கொடிப் பட்டியைக் கழற்றிப் புல்லில் எறிந்தாள். அவளுக்கு அது கல்லூரியில் கடைசி வருடம். கௌசியின் முகத்தைப் பார்க்காமலே கார் தரிப்பிடத்தைக் கடந்து போனாள்.

திங்கட்கிழமை கல்லூரி இணையப் பக்கத்தில் கௌசியின் படம் வந்தது. பெருந்தன்மை என்று எழுதியிருந்தார்கள். வகுப்பில் கைதட்டினார்கள். ஆசிரியர் தோளில் தட்டினார். அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சிவானிக்கு மெசேஜ் எழுதினாள், அழித்தாள். புதன்கிழமை வகுப்பை விட்டுவிட்டு டோர்செட் பார்க் பகுதியில் சிவானி இருந்த அடுக்குமாடிக்குப் போனாள். லிப்ட் வரத் தாமதித்தது. பதினொரு மாடியும் படியேறினாள்.

சிவானி கதவைப் பாதி திறந்தாள்.

"அக்கா, அது பெருந்தன்மை இல்ல" என்றாள் கௌசி, மூச்சிரைக்க. "அந்த அணி ஆக்களை நான் யோசிக்கவே இல்ல. விளையாடாம வீட்டை போக எனக்கு ஏலாம கிடந்தது. அவ்வளவுதான்."

"தெரியும்."

"அதுதானே உங்களுக்குக் கோவம்?"

"இல்ல" என்றாள் சிவானி. "சும்மா வாற வெற்றியை வச்சு நான் என்ன செய்யிறது? என்னட்டக் கேட்டிருந்தா நானும் விளையாடுவம் எண்டுதான் சொல்லியிருப்பன். எங்கட எட்டுப் பேரும் அதைத்தான் சொல்லியிருப்பினம். நீ ஒருத்தரிட்டயும் கேக்கேல்ல, கௌசி. நாங்கள் பக்கத்திலதான் நிண்டனாங்கள்."

எறிந்த பந்தைத் தவிர வேறொன்றையும் அந்த நாலு நாட்களில் கௌசி நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கோட்டோரத்தில் குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு தன்னையே பார்த்து நின்ற ஏழு முகங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தன.

"சொறி அக்கா" என்றாள் கடைசியில்.

சிவானி கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தாள். "பூட்ஸைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா. மற்ற ஆறு பேருக்கும் இண்டைக்கே போன் எடு. முர்ஷிதாக்கு முதல் எடு. தான்தான் தோக்கடிச்சதெண்டு அவள் அழுதுகொண்டிருக்கிறாள்."