லட்டு கால் வைத்த வளைகாப்பு

1

இந்தக் கதை எனக்கு உத்திரமேரூரில், வளைகாப்புச் சாப்பாட்டுக்குப் போன இடத்தில் கிடைத்தது. 'நன்றியுள்ள பிராணியான நாய்…' என்று தொடங்கினேன். (பள்ளிக்கூடக் கட்டுரை.) 'கல்பனாவுக்கு இனிப்பு என்றால்…' (இதுவும் வேண்டாம்.)

நேராகவே சொல்கிறேன். கல்பனா என் பக்கத்து வீட்டு மருமகள். சிறுவயதிலிருந்தே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். கணவன் கதிர்வேல், ஒரு கம்பெனியில் காவல் நாய்களைப் பழக்குகிறவன். அவளுக்குச் சர்க்கரை திடீரென இறங்கும்போதெல்லாம் வியர்வையைப் பஞ்சில் ஒற்றி எடுத்து, அந்த வாசனையை வைத்தே வீட்டு நாய் லட்டுவைப் பழக்கினான். அந்த வாசனை வந்தால் லட்டு அவள் மடியில் முன்னங்காலை வைக்கும். உடனே அவள் குளுக்கோஸ் குடிக்க வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் பிள்ளை பெற்றுக்கொள்ளத் துணிந்தாள்.

நோய் சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. மாமியார் கோமளவல்லி மறைக்கச் சொல்லியிருந்தார்.

2

வாலாஜாபாத்திலிருந்து நாத்தனார் வரத் தாமதம். பந்தி தள்ளிப் போனது. சாப்பாட்டை நம்பிக் கல்பனா ஊசி போட்டுவிட்டிருந்தாள்.

லட்டு கூட்டத்துக்குள் நுழைந்து, கல்பனாவின் பட்டுப்புடவை மடியில் காலை வைத்தது.

"இன்னாடி இது, புள்ளத்தாச்சி மேல நாய் ஏறுது. தொரத்துங்க" என்றார் ஒரு பெரியம்மா. யாரோ இழுத்துப் போனார்கள். லட்டு திமிறி வந்து மறுபடி வைத்தது.

(இங்கே அவள் மனதில் ஓடியதை ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது, புது வளையல்கள் நடுங்கிய சத்தம் மட்டும்.)

கோமளவல்லி, சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தார்.

"வுடுங்க அத்த" என்றாள் கல்பனா. "எனக்கு சுகர் கீது. சின்ன வயசுலேர்ந்து கீது. இப்ப எறங்கிக்கினு வருது, அதான் லட்டு சொல்லுது. ஏங்க, குளுக்கோஸ் எடுத்துக்கினு வாங்க."

கதிர்வேல் கூட்டத்தைத் தாண்டி வருவதற்குள் கோமளவல்லியே எழுந்து போய்க் கரைத்து வந்தார். "குடிம்மா" என்றார். டம்ளரை அவள் வாயில் அவரே பிடித்துக்கொண்டார்.

மீதி வளையல் போட வந்த அந்தப் பெரியம்மா, "கடிக்காதுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

3

குழந்தை நலமாகப் பிறப்பதாக ஒரு முடிவு எழுதி, கல்பனாவிடம் படித்துக் காட்டினேன்.

"பொறக்காத புள்ளைக்கு முடிவு எழுதாதீங்கண்ணா" என்றாள். "இன்னிக்கி வரிக்கும் எழுதுங்க, போதும்."

இன்று வரை: லட்டு வாசலில் தூங்குகிறது. கல்பனா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் வயிற்றுக்குள்…

(இதற்கு மேல் எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள். நல்லதாக நினையுங்கள்.)