ஒரு ஓட்டுகூட விழாத அறை

தேர்தலுக்கு மறுநாள் சாயங்காலம், கவுன்சிலரின் ஆள் வால்தெசிர் வாசலில் வந்து நின்றதுமே ராயானி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். தம்பிக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தவர் அவர்தான். பதிலுக்கு, வீட்டு ஓட்டு கவுன்சிலருக்கு. இடம் கிடைத்தால்தான் அம்மா இவொனெச்சி மறுபடி வீட்டுவேலைக்குப் போக முடியும். சாவோ பாவுலோவின் இந்தக் கடைசி மேட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது.

ராயானிக்குப் பதினாறு வயது, முதல் ஓட்டு. அம்மா போட்டுவிடுவாள் என்ற தைரியத்தில் அவள் வேறொருத்திக்குப் போட்டிருந்தாள்.

"பள்ளிக்கூடத்துல உங்க தெருவுக்கு ஒரே அறை. அதுல எங்க ஆளுக்கு எத்தனை தெரியுமாக்கா? முட்டை," என்றார் வால்தெசிர். "ஒண்ணே ஒண்ணு விழுந்திருந்தாக்கூட, அது இவொனெச்சி அக்கா ஓட்டுன்னு உங்களுக்காகச் சண்டை போட்டிருப்பேன்."

அம்மா ராயானியைப் பார்த்தாள். ராயானி அம்மாவைப் பார்த்தாள்.

எதிர்வீட்டு எதிலெவ்சா எட்டிப் பார்த்தாள். "தேர்தலுக்குன்னு நீங்க தெருவுக்கே சுட்டுப் போட்ட கறிய மூக்குமுட்டத் தின்னோமே அண்ணே. போடாம இருப்போமா?"

"பின்ன அது எங்க போச்சு?"

"மெஷின் முழுங்கிருச்சு," என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

 வால்தெசிர் செல்போனை எடுத்தார். "வீடியோ எடுக்கறேன், இதையே இதுல சொல்லுங்க. சின்னப் பொண்ணு சொன்னா நல்லா எடுபடும். தோத்தாலும் டிசம்பர் வரைக்கும் பதவி அவர்கிட்டதான். பையனுக்கு இடம் நான் பொறுப்பு."

"எனக்குப் பயமா இருக்கும்மா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் பார்ப்பாங்க."

"தம்பியத் தூக்கி இடுப்புல வச்சுக்க. பயம் தெரியாது."

ராயானி சொன்னாள். ஓட்டு மெஷினில் கவுன்சிலரோட நம்பரை அழுத்தினேன், மெஷின் முழுங்கிவிட்டது. குரல் நடுங்கியதில் நிஜம்போலவே இருந்தது. அவளுக்கு அடுத்து எதிலெவ்சா, அவள் புருஷன், ரொட்டிக்கடைக்காரர். இருட்டுவதற்குள் தெருவே மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தது.

வால்தெசிர் போன பிறகு, அடுப்பில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் ராயானி போய் நின்றாள்.

"நிஜமாச் சொல்லும்மா. நீ யாருக்குப் போட்ட?"

"அவருக்குத்தான்."

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேம்மா. நானும் போடல."

அம்மா திரும்பினாள். அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள் ராயானி. அகப்படவில்லை.

"அவருக்குத்தாண்டி அழுத்தினேன். மெஷின் முழுங்கிருச்சு. நீதானே உன் வாயாலயே சொன்ன?"