திறக்காத கதவு

கடைக்கு வந்தவரின் மூக்கில் புதுக் கண்ணாடி சரியாக உட்கார்கிறதா என்று நொயெல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வாடிக்கையாளர் படத்தைப் பற்றிச் சொன்னார்.

"நம்ம ரூவான் ஊர்லயே எடுத்த படம் மதாம். குன்று மேல ஏறுற அந்தப் பழைய தெருவெல்லாம் வருது. அந்தப் பொண்ணும் பையனும் ஒரு நாள் அடிச்சுக்குதுங்க, மறுநாள் கட்டிக்கிட்டு அழுவுதுங்க. பார்க்கறவங்களுக்குத்தான் மூச்சு முட்டுது. எடுத்தவர் பேரு லூசியான். சின்ன வயசுல இங்கதான் இருந்தாராம்."

நொயெலின் கையிலிருந்த திருப்புளி ஒரு நொடி நின்றது. பிறகு அவள் காதில் மாட்டும் கம்பியைக் கொஞ்சம் வளைத்து, "இப்ப அழுத்துதா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு, இல்லை என்றார்.

ஐம்பத்தேழு வயதில் ஒருவர் தன் இருபத்தைந்து வயதைத் திரையில் போய்ப் பார்ப்பதா என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தாள். லூசியானை அவள் மறைத்ததில்லை. கணவன் அர்மானுக்குப் பெயர் தெரியும், இரண்டு வருடம் சேர்ந்து இருந்தார்கள் என்பது தெரியும், முடிவு நன்றாக இல்லை என்பதும் தெரியும். அதற்கு மேல் அவன் கேட்டதில்லை. அர்மான் வீடு வீடாகப் போய் வெந்நீர்க் கொதிகலன்களைப் பழுது பார்க்கிறவன். எந்தக் குழாயைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது அவனுக்கு வீட்டிலும் தெரியும். இருபத்தாறு வருடம் அப்படித்தான் ஓடிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் சொன்னபோது அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "உனக்குப் போகணுமா?" என்றான்.

"தெரியல."

"அப்போ போவோம். பிடிக்கலைன்னா நடுவுல எழுந்து வந்துடலாம். எனக்கு இருமல் வந்த மாதிரி நான் நடிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குப் போனார்கள். அரங்கில் பாதிதான் நிறைந்திருந்தது. முதல் அரை மணி நேரம் நொயெலுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. திரையில் இருந்த பெண் அவளைவிட ஒரு சாண் உயரம், அவளைவிட மிக அழகு. ஆனால் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தோடு ஆற்றங்கரைச் சுவரில் உட்கார்ந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பு அவளுடையது. அதை லூசியான் ஞாபகம் வைத்திருக்கிறான். அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தாள் அந்த இரண்டு வருடத்தில் முக்கால்வாசி நாளும். அதை அவளே மறந்திருந்தாள். பின்னால் வந்த நாட்களை மட்டும் நினைத்து நினைத்து, முன்னால் இருந்தவற்றை எங்கோ தொலைத்துவிட்டிருந்தாள்.

பிறகு சண்டைகள் வந்தன. அவன் யார் பெயரை வேண்டுமானாலும் சொல்லிச் சந்தேகப்படுவான். அவளும் சளைத்தவள் அல்ல. அவனுடைய கேமராவை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து வீசியெறிந்தவள் அவள்தான். படத்திலும் கேமரா விழுந்தது. ஐந்து முறை பெட்டியோடு கிளம்பினாள். ஐந்து முறையும் அவன் தெருமுனைக்கு ஓடிவந்து அழுதான், அவள் திரும்பிப் போனாள். போகப் போக அவள் ஒல்லியாகிக்கொண்டே வந்தாள். கடையில் கைதவறி, ஒரே வாரத்தில் மூன்று கண்ணாடிகளை உடைத்தாள். கடைசியில், எண்பத்தேழாம் வருடத்து ஜனவரிக் குளிரில், அவள் போய்விடக் கூடாது என்று அவளுடைய காலணிகளையெல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். திரையிலும் அந்த நடிகன் பூட்டினான், சாவியைப் பையில் போட்டான். நொயெல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதை அவன் மறைக்கவில்லை. தன்னை நல்லவனாகக் காட்டிக்கொண்டிருக்கலாம்; செய்யவில்லை.

அடுத்து அந்தக் காலை வந்தது. வீட்டுச் செருப்போடு அவள் பனி மூடிய படிகளில் இறங்கி ஓடுகிறாள். கீழே ஏழேகால் மணிப் பேருந்து கிளம்பத் தயாராக நிற்கிறது. ஏறிக்கொள்கிறாள். உள்ளே வேறு யாருமில்லை. கதவு மூடிக்கொள்கிறது. வெறும் சட்டையோடு ஓடிவந்த அவன் கதவுக் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்து அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். மீசை வைத்த ஓட்டுநர் பின்னால் காட்டும் கண்ணாடியில் அவளைப் பார்க்கிறார். மெல்லச் சிரிக்கிறார். கதவைத் திறக்கிறார். அவன் ஏறி வருகிறான், கட்டிக்கொள்கிறார்கள், இசை எழுகிறது. பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

நொயெலுக்கு உள்ளங்கால் ஜில்லிட்டுப் போனது. அர்மானின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளைத் திரும்பிப் பார்க்காமல், விரல்களை மட்டும் இறுக்கிக்கொண்டான்.

வெளியே வந்ததும் அர்மான் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னான்: "நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா அந்த பஸ்காரன் கதவைத் திறந்திருக்கக் கூடாது."

அவள் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள்.

"திறக்கலை," என்றாள். "நிஜத்துல அவர் திறக்கலை, அர்மான்."

எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து முதல்முறையாக முழுவதையும் சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தது நிஜம். திறக்கட்டுமா என்று அந்தப் பார்வை கேட்டது. அவளால் வேண்டும் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. திறந்திருந்தால் ஆறாவது முறையும் திரும்பிப் போயிருப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுத்தார். ரயில் நிலையத்தில் இறங்கி, அதே செருப்போடு அமியானில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அந்த மனிதருக்கு நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. முகம்கூடச் சரியாக ஞாபகமில்லை.

அர்மான் காப்பிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். "அவர் பேரு என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நம்ம ரெண்டு பேரும் இங்க உட்கார்ந்து காப்பி குடிக்கிறதுக்கு அந்த ஆளும் ஒரு காரணம். பேரு தெரியாம இருக்கறது நல்லாவா இருக்கு? பஸ் டிப்போல வேலை பார்த்தவங்க பாதிப் பேரு வீட்டு பாய்லர் நான் பார்த்ததுதான். விசாரிக்கிறேன்."

மூன்று வாரம் ஆயிற்று. அந்த வருடம் குன்றுத் தடத்தில் காலை வண்டி ஓட்டியவர்கள் மூன்று பேர். இருவர் இறந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் பெயர் அன்செல்ம். வயது எழுபத்தைந்து. ரயில் பாதையை ஒட்டிய காய்கறித் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறார், மழை இல்லாத நாளெல்லாம் அங்கேதான். நான் வரட்டுமா என்று அர்மான் கேட்டான். வேண்டாம் என்றாள்.

கடை விடுமுறையான வியாழக்கிழமை காலை போனாள். பெரிய உடம்புக்காரர், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வெங்காயத்தாள் போன்ற பருமனான கீரைத்தண்டுகளை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார். அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னதைக் காதில் கையை வைத்துக் கேட்டார்.

"முப்பது வருஷம் ஓட்டினேன் மதாம். ஏறினவங்க எத்தனை பேரு, இறங்கினவங்க எத்தனை பேரு. யாரைன்னு ஞாபகம் வெச்சுக்கறது?"

"ஜனவரி மாசம். பனி. நான் மட்டும்தான் வண்டியில. வீட்டுச் செருப்போட ஏறினேன்."

அவர் கை நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சிவப்புச் செருப்பு."

"நீலம்."

"நான் இத்தனை நாளா சிவப்புன்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றார். கவிழ்த்து வைத்திருந்த மரப்பெட்டியின் மேல் மெல்ல உட்கார்ந்தார். வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள். ஒரு சரக்கு ரயில் போனது. அது போய் முடிந்த பிறகு அவர் கேட்டார்:

"அந்தப் பையன் என்ன ஆனான்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"வண்டியை எடுத்ததும் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்தான். கதவுல கையை வெச்சுக்கிட்டே. வளைவுகிட்ட விழுந்தான். கண்ணாடியில பார்த்தேன். எழுந்துக்கலை. நான் நிறுத்தலை. அந்த இறக்கத்துல, அந்தப் பனியில பிரேக் போட்டா வண்டி நேரா ஆத்துக்குத்தான் போகும். அது ஒண்ணு. இன்னொண்ணு, உங்க மூஞ்சி. கடைசி ஸ்டாப்ல இறங்கிப் பார்த்தா கதவுக் கண்ணாடியில ரத்தம். என் துண்டாலதான் துடைச்சேன். ஒரு மாசம் பேப்பர்ல ரோட்டுல அடிபட்டவங்க, செத்தவங்கன்னு வர்ற சின்னச் சின்னச் செய்தியெல்லாம் ஒண்ணு விடாம படிச்சேன். வசந்தம் வந்ததும் வேற ரூட்டு கேட்டு வாங்கிக்கிட்டேன். வீட்டுக்காரிகிட்டகூட இன்னி வரைக்கும் சொன்னதில்லை."

நன்றி சொல்ல வந்தவளுக்கு, வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. அவர் முன்னால் ஈர மண்ணிலேயே குந்தி உட்கார்ந்தாள்.

"மணிக்கட்டு உடைஞ்சது. அவ்வளவுதான் மிஸ்யே. வேற ஒண்ணுமே ஆகலை. கட்டுப் போட்டுக்கிட்டு இடது கையால எனக்கு லெட்டர் எழுதினான், கோழி கிளறின மாதிரி. அதுல அவனே சொல்லியிருந்தான். இப்ப சினிமா எடுக்கறான். நல்லா இருக்கான். அந்தக் காலையைக்கூட எடுத்திருக்கான்."

"சினிமாவா."

"ஆமா. போன மாசம் பார்த்தேன்."

அவர் மண் ஒட்டிய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒன்று மெல்ல மெல்ல, பாதி வழியில் நின்று நின்று, வெளியே வந்தது. பிறகு, "நான் வர்றேனா அதுல?" என்றார்.

"வர்றீங்க. மீசையோட."

"எனக்கு மீசையே கிடையாது."

"கதவைத் திறந்து அவனை ஏத்திக்கிறீங்க."

"அந்த இறக்கத்துலயா?" அவர் முகம் சுளித்தது. "பனியில? எந்தக் கிறுக்கன் திறப்பான்?" சிரித்தார். பெரிய சிரிப்பு, அது நடுவிலேயே உடைந்து வேறொன்றாயிற்று. புறங்கையால் கண்ணைத் துடைத்தார், கன்னத்தில் மண் இழுத்துக்கொண்டது. நொயெல் கைக்குட்டையை நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை.

"நீங்க திறக்கலைங்கறதுக்காகத்தான் வந்தேன்," என்றாள். "எனக்கு அப்புறம் ஒரு வாழ்க்கை இருந்தது மிஸ்யே. நல்ல வாழ்க்கை. அதைச் சொல்லிட்டுப் போகணும்னு."

அவர் தலையை ஆட்டினார். "உங்களுக்காக நான் பெருசா எதுவும் செஞ்சுடலை. பாதி பிரேக்குக்குப் பயந்து, பாதி உங்க மூஞ்சியைப் பார்த்து. எது கூட, எது குறைச்சல்னு இப்பக் கேட்டா எனக்கே தெரியாது."

"அந்தப் பாதி போதும் எனக்கு."

அவள் கிளம்பியபோது, பிடுங்கிய தண்டுகளில் நல்லதாக ஆறு பொறுக்கி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்தார். வழியில், அவன் படம் எத்தனை நாள் ஓடும் என்று ஒருமுறை கேட்டார், தெரியாது என்றாள். பொண்டாட்டிக்குச் சினிமா பிடிக்கும் என்றார்.

பேருந்து வந்தது. ஓட்டியவள் முப்பது வயதுகூட ஆகாத பெண், சுருட்டை முடியைத் தூக்கிக் கட்டியிருந்தாள். நொயெல் ஏறி உட்கார்ந்தாள். அன்செல்ம் நடைபாதையில் விறைப்பாக நின்று, பேருந்து ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதுபோல, தொப்பி விளிம்புக்குப் பக்கத்தில் இரண்டு விரலை உயர்த்தினார். அந்தப் பெண் யாரென்று கேட்காமல், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலேயே, தன் இரண்டு விரலை உயர்த்தினாள். வண்டி வளைவை நோக்கி நகர்ந்தது. பின்கண்ணாடியில் அவர் சிறியதாகிக்கொண்டே போனார், கன்னத்தில் அந்த மண் கோட்டோடு, இரண்டு விரலையும் இன்னும் இறக்காமல்.